சர்வ சுதந்திர பாத்தியம்

சேரன்மகாதேவி பத்திர ஆபீசுக்கு எதிர்த்தாப்ல
மூணாவது கடை என்னுது.
மைதீன் பாத்து ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம்.
எனக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை,
வாரவுகளுக்கு உண்டு.
பத்திரம் எழுதுற உச்சினிமாகாளி நிக்காரு.
வாங்குறவரு நிக்காரு. விக்கிறவரு நிக்காரு.
சாட்சி ரெண்டும் டீ குடிக்கப் போயிருக்கு.

பிரிண்டர் மட்டும் படுத்துட்டுது.

நேத்து ஏழு மணி வரைக்கும் அச்சடிச்ச அதே பெட்டி,
அதே மை.
இன்னைக்கு, 'இது எங்கள் மை அல்ல' என்கிறது.
கழற்றிப் பார்த்தேன், ததும்புது.
பெருவிரல்ல ஒட்டிக்கிட்டு,
கைநாட்டு வைக்க வந்தவ மாதிரி நிக்கேன்.

ஷட்டரைப் பூட்டினது நான்,
காலையில தூக்கினதும் நான்.
நடுவுல ராத்திரி எவனோ
காத்து வழியா உள்ள வந்து
பெட்டிக்குப் புதுப் புத்தி சொல்லிட்டுப் போயிருக்கான்.
கல்லாவுல சில்லறை அப்படியே கெடக்கு.

பதினெட்டாயிரத்து ஐநூறு.
உம்மா போட்ட வளையல் ரெண்டையும் அடகு வச்சு வாங்கினது.
மீட்டுட்டேன். பில்லும் இருக்கு.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
தமிழுக்கு ஐந்தை அழுத்தவும். அழுத்தினேன்.
ஒரு பிள்ளை, பூப்போல குரல்:
"உங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம்."
யாருட்ட இருந்து தாயி?
அதுக்குப் பதில் அவ தாள்ல எழுதித் தரல்ல போல.
கம்பெனி மை மூவாயிரத்து நானூறு, திங்கள்கிழமை வருமாம்.
நான் ஊத்துறது நானூத்தம்பது.

திரையில பத்திரம் முடிஞ்சு நிக்குது.
ஒம்பது வருசமா அடிக்கிற வரி,
கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன்:
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்
சித்த சாத்தியம் சகிதமாய்
தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

புதையல் கெடந்தாலும் வாங்கினவனுக்கு.
பாறையும் அவனுக்கு, பாறைக்கு அடியில ஊறுற தண்ணியும்.
இனிமே முளைக்கப்போறதும்தான்.

விக்கிறவரு சொரிமுத்து, பத்தமடைக்காரரு,
மெதுவாக் கேட்டாரு:
"மேலவரப்புல ஒரு பனை நிக்கி.
அதுல விழுத பழத்தை மட்டும் நான்..."
உச்சினிமாகாளி தலையே தூக்கல்ல:
"வித்தா வித்ததுதான் வே.
தரையில கெடக்கிற பழம்கூட ஒமக்கில்ல."

சொரிமுத்து சரின்னாரு.
ஒரு தடவை எச்சிலை முழுங்கிட்டு, சரின்னாரு.

பக்கத்து செல்போன் கடை ஜெபசிங் பிளேடோட வந்தான்.
குப்பைக்கூடையைக் கொட்டிக் கவுத்தி
எப்பவோ தீந்துபோன கம்பெனிப் பெட்டியைத் தேடி எடுத்து,
அதோட நெத்தியில இருந்த சில்லைப் பேத்தான்.
நகக்கண்ணு அளவுதான் இருக்கும்.
ததும்புற பெட்டிக்கு ஒட்டினான்.
பிரிண்டர் முனகிச்சு.
'மை தீர்ந்துவிட்டது. தொடரவா?'
தொடரு தாயேன்னு அமுக்கினேன்.

எதிர்த்த ஆபீசுல
செத்தவன் பேர்ல விரல் வச்சா ஜெயிலு.
இங்க செத்த பெட்டியோட அடையாளத்துலதான்
முத்திரைத்தாள்ல எழுத்து விழுந்தது.
என் காசுல வாங்கின பொருள்கிட்ட
நானே ஆள்மாறாட்டம்.
சர்வ சுதந்திர பாத்தியம், எழுத்துப் பிசகாம,
கருகருன்னு வந்தது.
மணி பத்து இருபத்திரெண்டு.

சாயங்காலம் ஆதார் நகல் எடுக்க
சொரிமுத்து திரும்ப வந்தாரு.
"வயப்பக்கம் போயிட்டு வாரீயளா?"ன்னு கேட்டேன்.
"அங்க எனக்கென்ன சோலி?
அது இப்ப அவுக எடம்லா"ன்னாரு.
அஞ்சு ரூவாயை எண்ணி வச்சிட்டுப் போனாரு.

அவரு போனதும் இணையத்தைத் துண்டிச்சேன்.
மூலையில நீல விளக்கு
மினுக்கு மினுக்குன்னு
அதை வித்தவனைத் தேடிக்கிட்டே கெடக்கு.
பழைய துப்பட்டாவை எடுத்து மேல போட்டேன்.
துணிக்குள்ளயும் மினுங்குது.